ரிங்க் எலிகளைத் தேடி: கனடாவில் ஆறு நாள்

நாள் 1: டொராண்டோ, மாநகர மன்றச் சதுக்கம்

கோடையில் தண்ணீர்த் தொட்டி, குளிரில் சறுக்குத் தளம். டொராண்டோ மாநகர மன்றத்தின் இரண்டு வளைந்த கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்கு வருஷத்தில் இரண்டு வேஷம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஐஸ் ஹாக்கி மட்டையோடு இறங்க விடமாட்டார்கள். அதற்கு வேறு தளம், வேறு நேரம்.

முதல் தடவை போகிறவர்கள் வாடகைக் கவுன்டரிலேயே தப்புச் செய்துவிடுகிறார்கள். செருப்புக் கடையில் சொல்லும் அளவையே இங்கேயும் சொல்வார்கள். ஹாக்கி ஸ்கேட் சாதாரண ஷூவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சின்னதாக இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிக் காலுறை போடுவது அடுத்த தப்பு. உள்ளே கால் ஆடும், கணுக்கால் உள்பக்கம் மடியும், பத்தே நிமிஷத்தில் பாதம் வலிக்கும். மெல்லிய காலுறை ஒன்று போதும். கயிறு கட்டும்போது விரல் பக்கம் தளர்வு, நடுப்பாதத்தில் இறுக்கம், கணுக்காலில் நல்ல இறுக்கம். கட்டி முடித்து எழுந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார வேண்டும்.

பிளேடு கூராக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகம் போதும். நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுங்கள். மெல்லிய தூளாகச் சுரண்டி வந்தால் கூர் உண்டு. வழுக்கிக்கொண்டு போனால் வேறு ஜோடி கேளுங்கள். விளிம்பு நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம், ரத்தம்தான் வரும்.

இங்கே வந்த காரணம் சறுக்குவது மட்டுமல்ல, ஒரு சொல். வாடகை எடுக்காதவர்களைக் கவனியுங்கள். பையில் சொந்த ஸ்கேட், கழுத்தில் சுற்றாமல் தொங்கும் மப்ளர், ஓரத்தடுப்பில் சாய்ந்து ஒரு மணி நேரமாக அரட்டை. திடீரென்று இரண்டு சுற்று பின்னோக்கிச் சறுக்கிவிட்டு மறுபடி வந்து சாய்வார்கள். இந்த வகைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் இந்த ஊரில் 'ரிங்க் ராட்' என்று பெயர். ரிங்க் என்றால் சறுக்குத் தளம்; ரிங்க் எலி.

நம் காதுக்கு எலி என்றால் திருட்டு. பெருச்சாளி என்றால் அரசியல்வாதி. இந்தச் சொல்லில் அந்த வாடை இல்லை. மாலில் சுற்றுகிறவன் மால் எலி, உடற்பயிற்சிக் கூடத்தை விட்டு வெளியே வராதவன் ஜிம் எலி என்கிற வரிசையில் இதுவும் ஒன்று. 'கிரவுண்டே கதின்னு கிடக்கிறான்' என்று நம்மூரில் சொல்கிறோமே, அந்தக் 'கிடக்கிறான்'தான் சரியான மொழிபெயர்ப்பு. பாதி திட்டு, பாதி பெருமை.

நாள் 2: டொராண்டோ, ஒரு மளிகைக் கடைக்குள்

சர்ச் தெருவும் கார்ல்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் 1931 நவம்பர் 12 அன்று திறந்தது மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். 1999 பிப்ரவரி வரை டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணிக்கு அதுதான் வீடு. இன்று கீழ்த்தளம் லாப்லாஸ் சூப்பர் மார்க்கெட். பழைய தளத்தின் நடுப்புள்ளி எங்கே இருந்தது என்பதற்கு அலமாரிகளுக்கு இடையே தரையில் சிவப்பு வட்டம் ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியோடு போகிறவர்கள் அதன் மேல் ஏறித்தான் போகிறார்கள். மேல்தளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐஸ் தளம் இன்னும் இயங்குகிறது.

அந்த வட்டத்தின் மேல் நின்றுகொண்டு யோசிக்க ஒரு விஷயம் உண்டு. 'ரிங்க் எலி' அச்சில் நடமாடத் தொடங்கிய 1940-களில் அதன் பொருள் வெறும் சுற்றித் திரிகிற பையன் என்பதல்ல. அது ஒரு வேலை. சம்பளம் கிடையாது, கூலி என்பது ஓசி டிக்கெட்டும், எல்லோரும் போன பிறகு தளத்தில் அரை மணி நேரமும்.

ஆட்டத்தின் ஒரு பகுதி முடிந்ததும் தளம் முழுக்க ஸ்கேட் பிளேடு கீறி எடுத்த பனித்தூள் கிடக்கும். அகலமான தகட்டுச் சுரண்டிகளோடு நாலைந்து பையன்கள் இறங்குவார்கள். பக்கத்தில் பக்கமாக ஓடினால் இரண்டு சுரண்டிக்கு நடுவே ஒரு கோடு தூள் தங்கிவிடும். அதனால் சாய்வு வரிசை: முதல் ஆள் முன்னால், அடுத்தவன் ஓர் அடி பின்னால், தன் தகட்டின் கால்பங்கு முன்னவன் போன தடத்தின் மேல் விழும்படி. ஒருவன் தகட்டிலிருந்து வழிகிற தூளை அடுத்தவன் வாங்கித் தள்ளிக்கொண்டே போவான். கடைசி ஆள் தகட்டில்தான் மொத்தப் பாரமும் சேரும் என்பதால் அங்கே வரிசையிலேயே தடித்த பையனை விடுவது வழக்கம். வளைவில் வெளிப்பக்கத்துப் பையன் வேகம் கூட்டாவிட்டால் வரிசை உடையும், நடுவில் வால் மாதிரி ஒரு கோடு விழும்.

அப்புறம் பீப்பாய். 45 காலன் பீப்பாயை, அதாவது சுமார் 200 லிட்டர், சக்கரத்திலோ சறுக்குப் பலகையிலோ ஏற்றி, அதில் வெந்நீர் ஊற்றி, பின்பக்கம் துளை போட்ட குறுக்குக் குழாய் ஒன்று. குழாயிலிருந்து வழியும் தண்ணீரைத் தேய்த்துப் பரப்ப ஒரு தடித்த துணி, சாக்கோ கம்பளியோ, தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். இழுக்கிறவன் நடுவில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் குளம் கட்டி மேடாக உறையும். நிற்காமல் ஒரே வேகத்தில் இழுப்பதுதான் மொத்த வித்தை.

வெந்நீர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று உறையும்போது குமிழாகச் சிக்கி, ஐஸை வெளுப்பாகவும் நொறுங்கலாகவும் ஆக்கும். காய்ச்சிய நீரில் காற்று குறைவு. அதோடு, சூடான நீர் அடியில் இருக்கும் ஐஸின் மேல்தோலைக் கொஞ்சம் உருக்கிவிட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்நீர் மேலே தனிப் படலமாக உறைந்து பிறகு செதில் செதிலாகப் பெயரும். இன்றைக்கும் பல உள்ளரங்குகளில் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர்தான் ஊற்றுகிறார்கள்.

நாள் 3: பிரான்ட்ஃபோர்ட்

டொராண்டோவிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கி பிறந்த ஊர். அவர் தந்தை வால்டர் வீட்டுப் பின்கட்டிலேயே தளம் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே ரிங்க் எலி வளர்த்த கதை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இன்றைய குறிப்பு வேறொன்றைப் பற்றி. எலிகளின் வேலையைப் பறித்த, தளத்தைச் சீவி நீர் விடும் இயந்திரம் தயாராகும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஜாம்போனி நிறுவனத்தின் கனடாத் தொழிற்சாலை இங்கேதான். போட்டி நிறுவனமான ஒலிம்பியாவின் வண்டிகள் இதே ஒன்டாரியோவில் எல்மைரா என்ற சிற்றூரிலிருந்து வருகின்றன. பையன்கள் வாயில் எல்லா வண்டியும் 'ஜாம்'தான். ஜெராக்ஸ், டால்டா கதை.

வேடிக்கை என்னவென்றால் இதைக் கண்டுபிடித்தது குளிர் நாட்டில் இல்லை. கலிபோர்னியாவில் பாரமவுன்ட் என்ற ஊரில் 1940-இல் ஐஸ் தளம் திறந்த ஃபிராங்க் ஜாம்போனிக்கு, ஒவ்வொரு தடவையும் தளத்தைச் சுரண்டி, அள்ளி, கழுவி, நீர் விட ஆட்கள் பலரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலும் தேவைப்பட்டது. அத்தனை நேரம் வாடிக்கையாளர் வெளியே நிற்க வேண்டும். பல வருஷம் முட்டி மோதி 1949-இல் ஓடுகிற வண்டி ஒன்றைக் கட்டினார். 1954-இல் பாஸ்டன் புரூயின்ஸ் அணி ஒன்று வாங்கியது. ஒரு மணி நேர வேலை பத்து நிமிஷமானது. நாலைந்து பையன்களின் இடத்தில் ஓர் ஓட்டுநர்.

வண்டியின் பின்னால் தொங்கும் பெட்டிக்குள் தான் எல்லா வேலையும். ஆறு அடிக்கு மேல் நீளமான பிளேடு ஒன்று ஐஸின் மேல்தோலைச் சீவும். சீவிய தூளைக் கிடைமட்டத் திருகு ஒன்று நடுவுக்குத் தள்ளும், நெட்டுக்குத்தான திருகு அதை மேலே தூக்கி முன்பக்கத் தொட்டியில் கொட்டும். பின்னாலேயே கழுவும் நீர் பாய்ந்து கீறல்களுக்குள் இருக்கும் அழுக்கைக் கிளப்ப, ரப்பர்ப் பட்டை அதை வழித்து உறிஞ்சவிடும். கடைசியில் வெந்நீர், அதைப் பரப்ப ஒரு துணி. ஆமாம், பீப்பாய்க்குப் பின்னால் இழுபட்ட அதே துணி இன்னும் இருக்கிறது.

கணக்கு சின்னது. வட அமெரிக்கத் தளம் 200 அடிக்கு 85 அடி, சுமார் 1,500 சதுர மீட்டர். 500 லிட்டர் நீர் விட்டால் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் படலம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விட்டால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏறும், அவ்வளவையும் சீவியாக வேண்டும். தளத்தின் மொத்தத் தடிப்பே ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். கூடினால் அடியில் ஓடும் குளிர்க்குழாய்களின் குளிர் மேல்தோலுக்கு வந்து சேராது, ஐஸ் மிருதுவாகும், மின்கட்டணம் ஏறும். குறைந்தால் பிளேடு ஐஸுக்கு அடியில் பூசிய வெள்ளைப் பெயின்டைத் தொடும்.

என்னென்ன கெடும்? பிளேடு மழுங்கினால் தகரக் கூரை மாதிரி அலை அலையாக விழும். ஓரத்தடுப்பை ஒட்டி வண்டியின் பிளேடு எட்டாது, அதனால் ஓரம் மேடாகி நடுப்பகுதி கிண்ணமாகும். அதைச் சீவக் கையால் தள்ளும் சின்ன இயந்திரம் தனியாக உண்டு. கோல் கம்பத்துக்கு முன்னால் கோலி, அதாவது கோல் காப்பவர், நாள் முழுக்கச் சுரண்டுவதால் குழி விழும். இதெல்லாம் கைவேலை. எலிகளுக்கு மிச்சமிருப்பது இவைதான்: வலையைத் தூக்கி ஓரம் வைப்பது, குழிக்குக் கூழ்பனி வைத்து அழுத்துவது, கதவோரத் தூளைத் தள்ளுவது.

நாள் 4: ஸ்காபரோ

டொராண்டோவின் கிழக்குப் பகுதி. ஈழத்தமிழர் செறிந்து வாழும் இடம் என்பதால் அரங்க வாசலில் தமிழ் கேட்கலாம். மேல்வரிசை இருக்கையில் போர்வை போர்த்திய அம்மம்மா, கையில் பிளாஸ்க், கீழே ஏழு வயதுப் பேரனின் முதுகில் தமிழ்ப் பெயர். 'எந்த நேரமும் ரிங்க்கிலதான் கிடக்கிறான்.' முதல் நாள் எழுதிய வினைச்சொல் இங்கே சொந்தக்காரர் வாயிலேயே.

பிள்ளைகள் ஏன் அரங்கிலேயே கிடக்கிறார்கள் என்பதற்கு அட்டவணையைப் பார்த்தால் போதும். ஒரு மணி நேர வாடகை என்றால் 50 நிமிஷம் ஐஸ், மிச்சம் வண்டி ஓட. நல்ல நேரங்களுக்கு அடிதடி என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு விடிகாலை, பெரியவர்களுக்கு நள்ளிரவை ஒட்டிய நேரம். அண்ணனுக்கு எட்டு மணி, தங்கைக்குப் பத்து மணி என்றால் நடுவில் வீட்டுக்குப் போய் வருவதில் அர்த்தமில்லை. ரப்பர் விரித்த நடைபாதையில் ஒரு டென்னிஸ் பந்தும் உடைந்த மட்டையும் கிடைத்துவிட்டால் ரிங்க் எலி பிறந்துவிடும்.

அவர்கள் பேசும் பாஷைக்கு ஒரு சின்ன அகராதி வேண்டும். அரங்குக்குப் பெயர் 'பார்ன்', மாட்டுக்கொட்டகை. பழைய அரங்குகளின் கூரையைப் பார்த்தால் காரணம் புரியும். கணுக்கால் உள்பக்கம் மடிகிறவன் 'பெண்டர்', பெஞ்சிலேயே உட்கார்ந்து தூசு படிகிறவன் 'டஸ்டர்', அசையாமல் நிற்கிறவன் 'பைலன்', அதாவது சாலையில் வைக்கும் கூம்பு. கோல் விடுகிற கோலி 'சல்லடை'. மட்டையால் அடிக்கும் தட்டையான வில்லையான பக் 'பிஸ்கட்', ஹெல்மெட் 'வாளி', மட்டை 'குச்சி'. வலையின் மேல்மூலையில் அடித்தால் 'அம்மா பிஸ்கட்டை ஒளித்து வைக்கிற இடம்' என்று கத்துவார்கள். நமக்கு உறி, வெண்ணெய் திருடிய கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிண்டலடிப்பது 'சர்ப்', கீச்சிடுவது. வீரர்களைச் சுற்றி வரும் பெண்களுக்கு 'பக் பன்னி' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதே அரங்கில் அதே நேரம் கிடக்கும் பையன் எலி, பெண் மட்டும் முயலா என்று கேட்டால் யாரிடமும் நல்ல பதில் இல்லை. இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதே மேல். சறுக்குகிற பெண்களும் எலிகள்தான், அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அரங்குக்கு வெளியே சாணை பிடிக்கும் கடை இருக்கும். 'அரை அங்குலம்' என்று கேட்டால் தலையாட்டி வாங்கிக்கொள்வார்கள். ஸ்கேட் பிளேடின் அடி தட்டையல்ல, நடுவில் குழிவு ஓடும், இருபுறமும் இரண்டு விளிம்பு. குழிவின் வட்ட ஆரம்தான் அந்த அரை அங்குலம். எண் சிறிதானால் குழிவு ஆழம், பிடிப்பு அதிகம், ஓட்டம் குறைவு. எடை குறைந்த பிள்ளைகளுக்கு 3/8 கூடப் பிடிக்கும். கனத்த ஆளுக்கு 5/8. சாணை பிடித்த பிளேடோடு சிமென்ட் தரையில் நாலு அடி நடந்தால் கொடுத்த காசு போச்சு. உறையில்லாமல் ரப்பர் விரிப்பை விட்டு இறங்காதீர்கள். ஈரத்தைத் துடைக்காமல் அந்த உறையிலேயே போட்டு வைத்தால் மறுநாள் துரு.

நாள் 5: மாண்ட்ரியல்

ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். இன்று சுருக்கமாக. 1875 மார்ச் 3 அன்று உள்ளரங்கில் முதன்முதலாக முறைப்படி ஹாக்கி ஆடிய விக்டோரியா ரிங்க் நின்ற இடம் இப்போது கார் நிறுத்துமிடம். அணிக்கு ஒன்பது பேர்; பந்து எகிறிப் பார்வையாளர்மேல் படக்கூடாது என்று தட்டையான மரவில்லை. அன்றைய தளம் 204 அடிக்கு 80. இன்றைய 200க்கு 85 எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கார்களுக்குக் கீழே இருக்கிறது. ஊரில் பிரெஞ்சுப் பையன்களுக்கு 'ரா தரேனா' என்று பெயர். அரங்க எலி. எலி மாறவில்லை, பொந்துதான் மாறியது.

நாள் 6: ஒட்டாவா

ரிடோ கால்வாய் எல்லாரும் பார்ப்பது: 7.8 கிலோமீட்டர், 1971 முதல் சறுக்குப் பாதை. நல்ல ஐஸ் 30 சென்டிமீட்டர் தடித்தால்தான் திறப்பார்கள். இரவில் ஐஸில் துளை போட்டு, கால்வாய் நீரையே மேலே இறைத்துப் பரப்பி மெருகேற்றுகிறார்கள். குளிர் வராமல் 2022-23 பருவத்தில் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. பச்சைக்கொடி, சிவப்புக்கொடி பார்த்துவிட்டுப் போங்கள்.

பார்க்க வேண்டியது அது முடிந்த பிறகு. குடியிருப்புப் பகுதிகளின் பூங்காக்களில் மரத்தடுப்பு போட்ட தளங்கள் இருக்கின்றன. நகராட்சி ஆதரவோடு அந்தந்தப் பகுதித் தொண்டர்கள் பராமரிப்பவை. இங்கே குளிர்க்குழாய் இல்லை, வண்டி இல்லை. 1940-களின் எலி வேலை அப்படியே உயிரோடு இருக்கிறது.

மாலையில் ஷின்னி, அதாவது நடுவர் இல்லாமல் ஜாலிக்கு ஆடும் ஹாக்கி. கோலி கிடையாது, உடல் கவசமும் கிடையாது, அதனால் பக்கைத் தரையை விட்டுத் தூக்கி அடிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அணி பிரிக்க எல்லா மட்டையையும் நடுவில் குவிப்பார்கள். ஒருவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று எறிவான். யார் மட்டை எங்கே விழுந்ததோ அவன் அந்த அணி. அண்ணன், தம்பி, தெரியாத ஆள் எல்லாம் ஒன்றுதான். ஸ்கேட் புதிதென்றால் ஹெல்மெட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் நீர் விடுவது. தோற்ற அணிதான் குழாய் ('ஹோஸ்') பிடிக்க வேண்டும், அதனால்தான் 'ஹோசர்' என்ற கனடிய வசவே வந்தது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 1980-களில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை அந்தச் சொல்லைப் பரப்பியது என்பது மட்டும் உறுதி.

முறை இது. மைனஸ் 10 டிகிரி ஒட்டி இருந்தால் உத்தமம். மைனஸ் 5-க்கு மேல் போனால் உறைய நேரமாகும். மைனஸ் 25-இல் ஊற்றினால் விரிசல் விடும். முதலில் பனித்தூளை ஒரு பொட்டு இல்லாமல் தள்ள வேண்டும். தூள்மேல் நீர் விட்டால் வெள்ளையாக, நொய்யாக உறைந்து ஸ்கேட் மாட்டும். இலை, மிட்டாய்க் காகிதம் பொறுக்க வேண்டும். கறுத்தது எதுவானாலும் பகல் வெயிலை இழுத்துத் தன் அளவுக்குக் குழி பறிக்கும். விரிசலில் கூழ்பனியை மண்வெட்டிப் பின்புறத்தால் அழுத்தி, உறைய விட வேண்டும். அதற்கப்புறம்தான் குழாய்: தொலைவு மூலையில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து, விசிறி வீசுவது போல இடம் வலம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டு ஒரே தடவையில் விரல் தடிப்புக்கு விட்டால் மேல்தோல் முதலில் உறையும், அடியில் இருக்கும் நீர் பூமிக்குள் இறங்கிவிடும், நடுவில் காற்று நிற்கும். மறுநாள் யார் கால் வைத்தாலும் அப்பளம் நொறுங்குகிற சத்தம். உடைத்து அள்ளி மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. அரை மணி நேரம் பொறுத்து அடுத்த படலம்.

வேலை முடிந்ததும் தண்ணீரை மூடிவிட்டுக் குழாயை அப்படியே சுருட்டினால் பத்து நிமிஷத்தில் உள்ளே கம்பியாக உறைந்துவிடும், மடக்கினால் வெடிக்கும். ஒரு முனையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கைக்குக் கை மாற்றி நீளம் முழுக்க நடந்து, மறுமுனையில் கடைசிச் சொட்டு வடியும்வரை நிற்க வேண்டும். பிறகுதான் சுருட்டி, கணப்பு எரியும் குடிசைக்குள் ஆணியில் மாட்டுவார்கள். குடிசைச் சாவி ஆணிக்குப் பக்கத்தில் இருக்காது. அது பதினாலு வயதுப் பையன் ஒருவன் கழுத்தில், ஸ்கேட் கயிற்றில் கோத்துத் தொங்கும்.